எந்தக் கல்லூரியும் இல்லாதவன் தூக்கிய கொடி

கொடி மேலே போன அந்த நொடி இன்னும் என் தோளில் இருக்கிறது. செம்மஞ்சள் துணி, வியர்வையில் வழுக்கும் பிளாஸ்டிக் பிடி. ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. ஒஸ்லோவுக்கு வெளியே, லோறென்ஸ்கூக் பக்கத்தில் ஒரு செயற்கைப் புல் மைதானம், வெயிலில் சூடேறிய ரப்பர் மணம். ஊதாச் சட்டைக்காரன் அடித்த பந்து கோலின் மேல் கம்பத்தில் பட்டு, நேரே கீழே விழுந்து, துள்ளி எழும்ப, மஞ்சள் அணியின் காப்பாளன் அதை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா? அதைச் சொல்ல வேண்டியவன் பக்கக் கோட்டில் நின்ற நான். நான் கொடியைத் தூக்கினேன். தூக்கியபடி நடுக்கோட்டை நோக்கி ஓடினேன். அதற்கு ‘கோல்’ என்று அர்த்தம். ஆனால் பந்து விழுந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எழுதாமல் மைதானத்தையும் மனிதர்களையும் பற்றி வடிவாகச் சொல்லிக்கொண்டு போனால், பத்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததன் தொடர்ச்சியாக இதுவும் ஆகிவிடும். அந்தப் பத்து மாதத்தில் கெட்டது என் பெயர் அல்ல. நடுவில் நின்று விசில் ஊதியவருடைய பெயர்.

அவரை எல்லோரும் மத்தியஸ்தர் என்றுதான் சொல்வார்கள். கலியாண வீட்டுப் பந்தியில் கண்டாலும் “மத்தியஸ்தர், இஞ்சாலை வந்து இருங்கோ” என்பார்கள். வேலை பஸ் ஓட்டுவது. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, காதோரத்தில் மட்டும் நரை. பஸ் ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பில் வருகிற நாரி நோவு அவருக்கும் இருந்தது. மைதானத்தில் இறங்கினால் அது எங்கே போய்விடுமோ தெரியாது. முறையாகப் பயிற்சி எடுத்து மத்தியஸ்தர் அட்டை வைத்திருந்தார். மற்ற வார இறுதிகளில் நோர்வேப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கும் ஊதுவார். எங்கள் ஆட்களின் ஆட்டம் என்றால் மட்டும் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது கதை நின்றுவிடும். யார் தேத்தண்ணி நீட்டினாலும் வாங்க மாட்டார். “இந்தப் பக்கத்திலை ஒரு ரோல்ஸ் திண்டா அந்தப் பக்கத்திலையும் ஒண்டு தின்ன வேணும். பிறகு என்னண்டு ஓடுறது?” என்பார். தண்ணீர்ப் போத்தலைக்கூட வீட்டிலிருந்தே கொண்டுவருவார். பகிடியாகச் சொல்கிறாரா, உண்மையாகச் சொல்கிறாரா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு கல்லூரிகளின் பெயர்களையும் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாருடைய பெயர் முதலில் வந்தது என்று அதற்கும் ஒரு கூட்டம் வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கும் இரண்டு கல்லூரிகள்; ஒன்றுக்கு மஞ்சள் சட்டை, மற்றதற்கு ஊதா. அங்கே அவர்களுக்கிடையில் இருந்த போட்டியைப் பழைய மாணவர் சங்கங்கள் அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தன. வருடத்துக்கு ஒருமுறை ஒரு கிண்ணத்துக்காக ஆட்டம். பழைய மாணவர்களுக்கு வயது போய், முழங்காலும் போய், இப்போது ஆடுவது அவர்களுடைய பிள்ளைகள். தகப்பன் படித்த கல்லூரிதான் மகனுக்கும் கல்லூரி. ஒஸ்லோவில் பிறந்து, அந்தக் கல்லூரியின் வாசலைக்கூடக் காணாத பெடியள் தங்களுக்குள் நோர்வேஜிய மொழியில் பந்து கேட்டுக்கொண்டு மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் உயிரை விடுவார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று தகப்பன்மார் தமிழில் ஏசுவார்கள்.

விசில் ஊதுகிறவருக்கு ஒரே ஒரு விதி: இரண்டு கல்லூரியிலும் படித்திருக்கக் கூடாது. போட்டியின் யாப்பில், விதிப் புத்தகத்தில், எழுதியே வைத்திருந்தார்கள். ஒருமுறை நோர்வேக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் மஞ்சள் அணித் தலைவரோடு முன்பு ஒரே இடத்தில் வேலை செய்தவர் என்று ஊதாக்காரர் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் மத்தியஸ்தர் வந்தார். “அண்ணை, நீங்கள் எங்கை படிச்சு முடிச்சனீங்கள்?” என்று கேட்டார்களாம். வன்னியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாராம். ஒருவருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தெரியாது. உடனே ஒத்துக்கொண்டார்கள். அது நடந்து பதினான்கு வருடம்.

எனக்கும் அந்த விதிதான் வழி விட்டது. அப்பா கடற்கரைக்காரர், மூன்றாம் வகுப்போடு வலைக்குப் போனவர். அம்மாவுக்கு அந்த மூன்றும் கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இரண்டு பக்கத்திலும் சேர்த்துப் படிப்பென்று ஒன்றை முடித்த முதல் ஆள் நான். ஒஸ்லோவின் தெற்குப் பக்கம், ஹொல்ம்லியாவில் வளர்ந்தேன். கொமூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, வருகிற கடிதங்களை வாசித்து வீட்டுக்கு விளக்கம் சொல்வது சின்ன வயதிலிருந்தே என் வேலை. விளங்காத சொல் வந்தால் அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்ப்பேன். அந்த முகம் என்னை முழுதாக நம்பிக்கொண்டிருக்கும். ஏதோ ஒன்றை ஊகித்து, உறுதியான குரலில் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் வந்தது. அதுதான் ஆபத்து.

நான் நன்றாகப் பந்தும் அடிப்பேன். ஆனால் மஞ்சளுக்கும் ஆட முடியாது, ஊதாவுக்கும் ஆட முடியாது. “தம்பி நல்ல பிளேயர்தான், ஆனா எந்தக் கல்லூரியும் இல்லையே” என்று கவலையோடு சொல்வார்கள், எனக்கு ஒரு கால் இல்லை என்பதுபோல. இருபத்து மூன்று வயதில் மத்தியஸ்தர் பயிற்சியை முடித்தேன். அடுத்த வருடம் அவர் என்னைக் கேட்டார்: “லைன்ஸ்மனா வாறியோ? உனக்கு ஒரு பக்கமும் இல்லை, எங்களுக்கு அதுதான் வேணும்.” கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோட்டில் நின்றபோது, இரண்டு பக்கத்தாரும் “தம்பி, வடிவாப் பாரும்” என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னபோது, எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

கொடி தூக்கிய அன்றைக்கு ஒன்றுக்கு ஒன்று. சமநிலையில் முடிந்தால், போன வருடம் வென்ற மஞ்சளிடமே கிண்ணம் தங்கிவிடும். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். ஊதா ஆதரவாளர்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் கயிற்றை ஒட்டி நெருக்கியடித்து நின்றார்கள்.

“எடேய், உது பந்தடா, பலாப்பழமில்லை! தட்டிக் குடு!”

“மஞ்சள் கோலி நித்திரை. மேலாலை அடியுங்கோ, எழும்பாது!”

“மத்தியஸ்தர், மணிக்கூட்டைப் பாக்காதையுங்கோ, மணிக்கூடும் மஞ்சளோ?”

அந்தக் குரல்களுக்குள்ளிருந்து ஒன்று என்னைத் தேடி வந்தது. “தம்பி கொடி பிடிக்கிற வடிவைப் பாருங்கோவன். தேப்பன் வலை இழுத்த மாதிரி.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் திரும்பினேன். அரை நொடிதான் இருக்கும். யார் சொன்னது என்று கண்டுகொள்ளவும் இல்லை. அந்த அரை நொடியில் ஊதாவின் அடி போய்விட்டது. கம்பம் அதிர்ந்த சத்தம் கேட்டு நான் மறுபடி திரும்பும்போது, பந்து ஏற்கெனவே காப்பாளனின் நெஞ்சில் இருந்தது.

பின்னால் “கோல்!” என்று ஒரே கத்தல். முன்னால் மத்தியஸ்தர் என்னைப் பார்த்தார். என் தகப்பனைச் சொல்லிச் சிரித்தவர்களுடைய கோல் அது. நான் தூக்காவிட்டால், அந்தச் சொல்லுக்காகப் பழி வாங்கிவிட்டான் என்பார்கள். இதை நான் நினைத்தேன் என்று சொல்வதே அதிகம். நினைப்புக்கு முன்னால் கை போய்விட்டது. மத்தியஸ்தர் ஒரு கணம் அசையாமல் நின்றார். ஏதோ கேட்க வாய் திறந்ததுபோல இருந்தது. பிறகு ஊதி, நடு வட்டத்தைக் காட்டினார். கோல். ஊதாவுக்குக் கிண்ணம்.

மைதானத்தை விட்டு நாங்கள் வெளியேற ஒரு மணி நேரம் பிடித்தது. இருபது தொலைபேசிகளில் இருபது காணொளிகள். ஒவ்வொருவரும் தன் தொலைபேசியை மற்றவரின் மூக்குக்குக் கீழே பிடித்தார்கள். “பெருப்பிச்சுப் பார், பந்துக்கும் கோட்டுக்கும் இடையிலை பச்சை தெரியுது!” “அது பச்சை இல்லை ஐயா, உங்கடை கண்ணாடியிலை ஊத்தை!” ஒரே படத்தில் ஒருவருக்குப் பந்து உள்ளே, மற்றவருக்கு வெளியே. என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நான் ஒரு பக்கமும் இல்லாதவன், ஆகையால் நான் கண்டது கண்டதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நம்ப முடியவில்லை.

அடுத்த கிழமை, மஞ்சள் சங்கத்தின் தொலைபேசிக் குழுவில் ஒரு பழைய படம் வந்தது. கல்லூரிச் சஞ்சிகை ஒன்றின் பக்கம்; பதின்மூன்று வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணி. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது, காது இரண்டும் வெளியே நிற்கும் ஒல்லிப் பெடியன். கீழே அவருடைய முழுப் பெயர். மத்தியஸ்தர் மஞ்சள் கல்லூரியில் படித்திருக்கிறார்!

இப்படி ஒன்று வெளிவந்தால், மஞ்சளுக்கு எதிராகக் கோல் கொடுத்தவர் எவ்வளவு நேர்மையானவர் என்றுதான் பேசுவார்கள் என்று நான் நினைத்தேன். நான் வளர்ந்த விதம் அப்படி. கல்லூரிக்காரர்களை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் இரண்டு சங்கங்களும் கூடின. மத்தியஸ்தர் வேலை உடுப்போடு வந்திருந்தார். ஒன்றரை மணிக்குப் பஸ் எடுக்க வேண்டுமாம். மஞ்சள் செயலாளர்தான் தொடங்கினார். எதையும் கோப்பில் வைத்துப் பேசுகிறவர்.

“அண்ணை, நீங்கள் எங்கடை கல்லூரியிலை படிச்சனீங்களோ, இல்லையோ?”

“ஒண்டரை வருசம். பிறகு இடம்பெயர்ந்திட்டம்.”

“அதை ஏன் சொல்லேல்லை?”

“எங்கை படிச்சு முடிச்சனீங்கள் எண்டு கேட்டியள். முடிச்ச இடத்தைச் சொன்னன்.”

ஊதாத் தலைவர் எழும்பினார். பெரிய உடம்பு, பெரிய குரல். “அப்ப பதினாலு வருசமா மஞ்சள் ஆள்தான் எங்களுக்கு ஊதினவர்! எங்களுக்கு எதிராக் குடுத்த பெனால்ரி எல்லாத்தையும் இனித் திருப்பிப் பாக்க வேணும்.”

“நீங்கள் பிறகு பாருங்கோ,” என்றார் செயலாளர். “யாப்பின்படி, எங்கடை கல்லூரியிலை படிச்சவர் ஊதின மட்ச் செல்லாது. கிண்ணத்தைத் தாங்கோ.”

“உங்கடை ஆள் உங்களுக்கு எதிராத்தானே ஐயா கோல் குடுத்தவர்! அது என்னண்டு செல்லாது?”

“அதுதான் பெரிய கேள்வி. சொந்தப் பள்ளிக்கூடத்துக்கே குடுக்காதவன் என்ன மனுசன்?”

“அப்ப உங்களுக்குக் குடுத்திருந்தா?”

“குடுத்திருந்தாக் கள்ளன்!”

இதைச் சொன்ன செயலாளருக்கே சிரிப்பு வந்தது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு அவர் துரோகி, மறுபக்கத்துக்கு ஒளித்திருந்த எதிரி. பந்து கோட்டைத் தாண்டியதா என்ற பேச்சே மறைந்துபோனது. மத்தியஸ்தர் மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். கடைசி வரிசையில் இருந்த என்னில் அவருடைய பார்வை கொஞ்சம் தங்கியது. நான் என் சப்பாத்து நூலைக் குனிந்து கட்டினேன். அது ஏற்கெனவே கட்டியிருந்தது.

“முடிவு என்னுடையது,” என்றார் அவர். “விசில் ஊதினது நான்.” வேறொன்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார்.

அவர் போன பிறகு அடுத்த வருடம் யார் ஊதுவது என்று கேள்வி வந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பதினான்கு வருடத்தில் அவர்கள் ஒற்றுமையாக எடுத்த ஒரே முடிவு அதுவாகத்தான் இருக்கும். “இவனுக்கு ஒண்டரை வருசமும் இல்லை, ஒண்டரை நாளும் இல்லை” என்றார் ஊதாத் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஓம் என்றேன். இரண்டு நாள் கழித்து மத்தியஸ்தர் எங்கள் தொடர்மாடியின் கீழே வந்து பையைத் தந்துவிட்டுப் போனார். அதற்குள் கொடிகள், அட்டைகள், காற்றடிக்கும் பம்ப். “பம்ப் கொஞ்சம் காத்து விடும். துணியைச் சுத்திப் பிடிச்சுக்கொண்டு அடி” என்றார். மேலே வந்து தேத்தண்ணி குடியுங்கோ என்று அம்மா மாடத்திலிருந்து கூப்பிட்டதற்குக் கையைக் காட்டிவிட்டு நடந்தார்.

அந்தப் பை என் அறையில், கதவுக்குப் பின்னால் கிடந்தது. படிக்க மேசையில் இருந்தால் முதுகில் உறுத்தும். அலுமாரிக்குள் வைத்தேன், அலுமாரியைத் திறக்க முடியாமல் போனது. சொல்லிவிடலாம் என்று செயலாளரின் இலக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ஏரிப் பக்கம் நடப்பேன். போய்ச் சேர்வதற்குள், சொன்னால் என்ன நடக்கும் என்ற கணக்கு தொடங்கிவிடும். என்னை ஏசுவார்கள், அது பரவாயில்லை. ‘கரையாரின்ரை பெடியனை நம்பிக் கொடியைக் குடுத்தது பிழை’ என்று ஒருவன் எங்கள் சாதியை இழுத்துச் சொல்வான். அதைக் கேட்டு அப்பா தலை குனிவார். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் “அடுத்த வருசம் என்ரை மகன்தான் நடு மத்தியஸ்தர்” என்று அவர் சொல்லத் தொடங்கியிருந்தார். இப்படி எண்ணிக்கொண்டே திரும்பி வந்துவிடுவேன். மத்தியஸ்தர் ஓட்டுகிற பஸ் எந்த வழி, எந்த நேரம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் கண்டால் விட்டுவிட்டு, பனிக்குள் நின்று அடுத்ததில் போனேன். அவர் மண்டபத்தில் என்னைப் பார்த்த பார்வைக்கு என்ன அர்த்தம்? அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இந்தக் கேள்வி ஒரு இடத்தில் இருக்க விடாமல் என்னை நடக்க வைத்தது.

பெப்ரவரியில் ஒரு காலை, ஹொல்ம்லியாவில் ரயில் ஓடவில்லை. தண்டவாள வேலை. ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருந்தார்கள். சனத்தோடு சனமாக ஏறி அட்டையைக் காட்டத் தலையை நிமிர்த்தினால், ஓட்டுநர் ஆசனத்தில் அவர். “வா தம்பி” என்றார். வேறு பஸ் இல்லை. நான் முன் இருக்கையில் இருந்தேன். நகரத்துக்கு வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இறங்கவில்லை. அவருக்கு அடுத்த ஓட்டத்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. முன் கண்ணாடியின் உள்பக்கத்தில் மூச்சுக் காற்றால் படிந்த புகாரை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, அண்டைக்கு நான் பந்தைப் பாக்கேல்லை.”

“தெரியும்,” என்றார், துடைத்தபடியே.

“என்னண்டு?”

“வீடியோவிலை. எல்லாரும் பந்தைப் பாத்தாங்கள். நான் உன்னைப் பாத்தனான். பந்து விழேக்கை நீ ஊதாக்காரற்றை முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்.”

“உங்களுக்கு… உங்களுக்கு அது கோலாத் தெரிஞ்சதோ?”

அவர் துணியை மடித்து வைத்தார். “இல்லை. கோட்டிலைதான் விழுந்தது, முழுக்கத் தாண்டேல்லை. எனக்கு வடிவாத் தெரிஞ்சது. தெரிஞ்ச உடனை உள்ளுக்குள்ளை ஒரு சந்தோசம் வந்திது, பார். பன்ரண்டு வயசுப் பெடியன்ரை சந்தோசம். அந்த மஞ்சள் சேட்டை நான் போட்டு ஆடினது மொத்தம் ஆறு மட்ச். பதினாலு வருசமும் அந்தச் சந்தோசம் வரும், அமத்திப்போட்டு ஊதுவன். அண்டைக்குக் கடுமையா வந்திட்டுது. நான் கண்ணாலை காணுறனோ, ஆசையிலை காணுறனோ எண்டு எனக்கே பயம். அப்பத்தான் உன்ரை கொடியைப் பாத்தன். இவனுக்கு ஒரு பக்கமும் இல்லை, இவன் கண்டதுதான் சரியா இருக்கும் எண்டு குடுத்திட்டன்.”

எனக்கு ஒரு பக்கமும் இல்லாமல் இருக்கவில்லை. என் தகப்பனை இழித்தவனுக்கு முன்னால் நான் நேர்மையானவன் என்று காட்ட வேண்டியிருந்தது. அவர் தன் ஆசைக்குப் பயந்து விலகினார், நான் என் கோபத்துக்குப் பயந்து விலகினேன். இரண்டு பேரும் விலகிப் போய், நடக்காத ஒரு கோலைக் கொடுத்துவிட்டோம். இதை அவருக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. “அப்ப கூட்டத்திலை ஏன் அண்ணை என்னைச் சொல்லேல்லை?” என்று மட்டும் கேட்டேன்.

“நீ சொல்லுவாய் எண்டு பாத்தனான்” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த தரிப்பிடம் எது என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு கதவைத் திறந்தார். வெளியில் சனம் வரிசையில் நின்றது.

ஏப்ரலில் ஆட்டத்தை ஒழுங்கு செய்யும் கூட்டம். இரண்டு சங்கங்களிலிருந்தும் ஐந்தைந்து பேர். வீட்டில் புறப்படும்போதே அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். “வலையிலை ஓட்டை இருந்தா இருக்கெண்டு சொல்லித்தான் விக்க வேணும்” என்றார். பிறகு, “அந்த மனிசன் பாவம். வெள்ளன போ” என்றார்.

கூட்டத்தில் நான் எழும்பி நின்று சொன்னேன். திரும்பி நின்றதை, காணாததை, ஊகித்துத் தூக்கியதை. என்னைத் திரும்ப வைத்த சொல்லையும் சொன்னேன். யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். ஊதா மேசையில் இரண்டு பேர் கோப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். மஞ்சள் செயலாளர்தான் முதலில் மூச்சு விட்டார்.

“அப்ப கோல் இல்லை!”

“ஆர் சொன்னது?” என்றார் ஊதாத் தலைவர். “அவன் காணேல்லை எண்டுதான் சொல்றான். கோல் இல்லை எண்டு சொல்லேல்லையே.”

“கிண்ணத்தைக் கொண்டுவாங்கோ, ஐயா.”

“கிண்ணம் என்ரை வீட்டுக் கண்ணாடி அலுமாரியிலை இருக்கு. என்ரை மனிசியைக் கேட்டு எடுங்கோ பாப்பம்!”

நான் மேசையில் தட்டினேன். என் வாழ்க்கையில் பெரியவர்களுக்கு முன்னால் நான் அப்படிச் செய்தது அந்த ஒருமுறைதான். “நான் கிண்ணத்தைப் பற்றிக் கதைக்க வரேல்லை. பிழை விட்டது நான். துரோகி எண்டு பேர் வாங்கினது அவர். பத்து மாதமா உங்களிலை ஒருத்தரெண்டாலும் அவருக்குப் போன் எடுத்தனீங்களோ?”

ஒருவரும் எடுத்திருக்கவில்லை. செயலாளர் தன் கடதாசிக் கோப்பை மூடினார். துரோகி என்ற சொல்லைக் குழுவில் முதலில் எழுதியவர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அங்கேயே, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்து மத்தியஸ்தருக்கு எடுத்தார். நடந்ததைச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லுக்கு வரும்போது இரண்டு தடவை இருமினார். “அண்ணை, இந்த வருசம் நீங்களே வந்து ஊத வேணும்.”

தொலைபேசிக்குள் பஸ் எஞ்சின் சத்தம் கேட்டது. “வேண்டாம்,” என்றார் அவர். “இனி என்னை நடுவிலை விட்டா நீங்கள் ஒருத்தரும் பந்தைப் பாக்க மாட்டியள், என்னைத்தான் பாப்பியள். அவனே ஊதட்டும். இனித் திரும்பிப் பாக்க மாட்டான்.”

விசிலை என்னிடமிருந்து பறிப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். பறித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் ஒஸ்லோவில் இரண்டு கல்லூரியிலும் படிக்காத, அட்டை வைத்திருக்கிற வேறு தமிழன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஜூன் மாதம் நான் நடுவில் நின்றேன். தொடங்கும்வரை ஒருவரும் நீட்டிய எதையும் நான் குடிக்கவில்லை. முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டாம் பாதி தொடங்கும்போதுதான் அவரைக் கண்டேன். மஞ்சள் ஆதரவாளர்களுக்கு நடுவில், தலையில் மஞ்சள் தொப்பி, ஒரு கையில் ரோல்ஸ், மறுகையில் தேத்தண்ணி. செயலாளர் அவருக்குப் பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல, வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையாட்டினார். பதினைந்து வருடத்தில் அந்த மைதானத்தில் அவர் ஏதாவது சாப்பிட்டு ஒருவரும் கண்டதில்லை.

முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மஞ்சள் முன்வரிசைப் பெடியன் ஊதாவின் பெனால்ரிப் பெட்டிக்குள் புகுந்தான். ஊதாப் பின்வரிசைக்காரன் சறுக்கிப் போய்ப் பந்தை வெளியே தள்ளினான். பெடியன் விழுந்தான். நான் ஐந்து மீற்றர் தள்ளி நின்றேன். பந்து, சப்பாத்து, கால் மூன்றும் எனக்கு முன்னால் திறந்திருந்தன. முதலில் பந்து. சுத்தமான பறிப்பு. கையை விரித்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னேன்.

“பெனால்ரி!”

அந்தக் குரல் எனக்கு முன்பு பழக்கமில்லாதது. விசிலுக்குப் பின்னால் பதினான்கு வருடம் இருந்த குரல். மத்தியஸ்தர் கயிற்றுக்கு மேலாக அரைவாசி உடம்பை நீட்டிக்கொண்டு நின்றார். தேத்தண்ணி சேட்டில் சிந்தியிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

“டேய் தம்பி! அது பெனால்ரியடா! கண்ணை எங்கை வைச்சிருக்கிறாய்?”

ஆட்டம் சமநிலையில் முடிந்தது, கிண்ணம் ஊதாவிடமே தங்கிவிட்டது. நான் தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் போவதற்குள் அவர் மைதானத்துக்குள் வந்துவிட்டார், பின்னால் மஞ்சள் சங்கத்தில் பாதி. முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கையால் அந்த இடத்தைக் காட்டினார்.

“அண்ணை, முதல் பந்திலைதான் பட்டது. நான் அஞ்சு மீற்றரிலை நிண்டனான். இந்த முறை நான் பாத்தனான்.”

“நீ பாத்தனீ, தம்பி,” என்றார் மத்தியஸ்தர், தொப்பியைக் கழற்றி என் முகத்துக்கு முன்னால் ஆட்டிக்கொண்டு. “பிழையாப் பாத்தனீ!”